காது நறுக்கிய சுல்தான்

ஷெபுவானா அந்த வார்த்தையை மூன்று தடவை சொன்னான். லாமுத் தீவின் மீன் சந்தையில், பட்டப்பகலில், ஊர்ப் பெரியவர் அபூத்தின் முகத்துக்கு நேராக, சுற்றி நின்ற முப்பது பேர் காதிலும் விழும்படி சொன்னான்.

"அந்தப் பூனை என்னோடது இல்ல. என்னோடது இல்ல. இல்லவே இல்ல. போதுமா?"

சந்தையின் ஓரத்தில் உட்கார்ந்து கூண்டுக் கதவுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த பதூலியின் கை நின்றுவிட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே ஆள் இதே குரலில் வேறொரு வார்த்தையை மூன்று தடவை சொல்லித்தான் அவளை வீட்டைவிட்டு அனுப்பினான். "காய்க்காத மரத்துக்கு எத்தனை நாள் தண்ணி ஊத்துறது" என்று அதற்கு மேல் ஒன்றைச் சேர்த்தும் சொன்னான். தலாக்கை அவள் மறந்தாலும் மறப்பாள். மரத்தை மறக்கமாட்டாள்.

நடந்தது இதுதான். மீன்காரன் கொம்போ ஒரு கல்யாண வீட்டுக்கென்று ஆள் நீள வஞ்சிரம் ஒன்றைப் பலகையில் எடுத்து வைத்திருந்தான். கழுதையை அவிழ்த்துக் கட்டிவிட்டு வருவதற்குள் மீனின் வயிறு மொத்தமும் போய்விட்டது. தின்றது சுல்தான். தின்ற இடத்திலேயே உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டும் இருந்தது. சுல்தான் யாருடைய பூனை என்று லாமுவில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். கொம்போ மீனுக்கு மீன் கேட்டான். அதோடு ஷெபுவானா தன் பலகைக்கு முன்னால் வந்து நின்று மன்னிப்பும் கேட்க வேண்டும் என்றான். மீன் ஷெபுவானாவுக்குப் பெரிய விஷயமில்லை. கடற்கரையில் விடுதி வைத்திருக்கிறவன், பத்து வஞ்சிரம்கூட வாங்கித் தருவான். கொம்போவைப் போன்ற ஒருவனிடம் மன்னிப்பு என்று வாயைத் திறப்பதுதான் அவனால் ஆகாத காரியம்.

"பள்ளிவாசலுக்கு எதிர்ல நின்னு பேசுறே. யோசிச்சுச் சொல்லு," என்றார் அபூத்.

"யோசிச்சுத்தான் சொல்றேன் பெரியவரே. தெருவுல திரியுற பூனை. என் வாசல்ல வந்து உக்காந்தா நான் என்ன பண்ணுவேன்? காக்காகூடத்தான் வந்து உக்காருது."

"சரி. சொன்ன வார்த்தை நின்னாச்சு," என்று பெரியவர் கைத்தடியைத் தரையில் தட்டினார்.

அங்கே அப்படித்தான். பள்ளிவாசல் முன்னால் பெரியவர் தடியைத் தட்டிவிட்டால் அந்த வார்த்தையை யாரும் திரும்ப எடுக்க முடியாது. எடுத்தவனைப் பிறகு ஒரு நிக்காஹுக்குச் சாட்சியாகக்கூடக் கூப்பிடமாட்டார்கள். ஷெபுவானாவோ ஊரில் பாதிக் கல்யாணங்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவன். அந்த மரியாதையைத்தான் அவன் சோறாகத் தின்றுகொண்டிருந்தான்.

பதூலி கூண்டுக் கதவை ஒருமுறை தூக்கி விட்டுப் பார்த்தாள். சத்தமே இல்லாமல் விழுந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

பூனைக்காரி என்றால்தான் அவளை ஊரில் தெரியும். வருஷத்துக்கு இரண்டு முறை டாக்டர் நெகேசா நிலப்பரப்பிலிருந்து படகில் வந்து சந்தைக்குப் பின்னால் இருக்கிற பழைய கிடங்கில் நாலு நாள் முகாம் போடுவார். தெருப்பூனைகளைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, இடது காதின் நுனியை ஒரு அரிசி அளவுக்கு நறுக்கி, பிடித்த இடத்திலேயே திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். பிடிப்பதும் விடுவதும் பதூலியின் வேலை. ஆரம்பத்தில், "பிடிச்சதை எதுக்குத் திரும்பக் கொண்டாந்து விடுறே, கடல்ல போடு" என்று கேட்காத ஆள் இல்லை. ஒரு தெருவின் பூனைகளை அப்புறப்படுத்தினால் அடுத்த தெருப் பூனைகள் வந்து அந்த இடத்தில் குட்டி போடும், அதற்குக் குட்டி போடாத பழைய பூனைகள் காவல் இருப்பதே மேல் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லிச் சொல்லி அவள் தொண்டை கட்டிப்போனது. இப்போது சந்தையில் சொறியும் புழுவுமாகச் செத்துக் கிடக்கிற குட்டிகளைப் பார்க்க முடியாது. காது நறுக்கிய பூனையைக் கண்டால் மீன்காரர்களே, "இது நம்ம பதூலி கைப்பட்டது" என்று ஒரு மீன் தலையைத் தூக்கிப் போடுவார்கள்.

சுல்தான் மட்டும் இதில் சேரவில்லை. நெட்டைக் காலும் நீளக் கழுத்துமாக, பழுப்புப் புள்ளிகளோடு, விடுதி வாசலில் தனக்கென்று போட்ட முக்காலியில் அது உட்கார்ந்திருக்கும். வருகிற விருந்தாளிகளிடம் எல்லாம் ஷெபுவானா, "எகிப்து ராஜா வீட்டு வம்சம். ஊர்ல நீங்க பாக்குற நல்ல குட்டி எல்லாம் இவன் பேர் சொல்றதுதான்" என்பான். மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "என் மகன்" என்பான். இரண்டு மனைவி கட்டியும் வீட்டில் தொட்டில் ஆடாதவன், பூனையின் குட்டிகளைத் தன் பேரப்பிள்ளைகளைப்போல ஊர் முழுக்க எண்ணிக்கொண்டு திரிந்தான். ஒவ்வொரு முகாமுக்கும் முதல் நாள் அவன் சுல்தானின் கழுத்தில் ஒரு சிவப்புக் கயிறு கட்டிவிடுவான். கயிறு கட்டிய பூனைக்கு உடையவர் உண்டு, அதைத் தொடக்கூடாது. அது டாக்டரின் சட்டம். பதூலி அந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை.

இந்தமுறை கயிறு எப்படிக் கட்டுவான்?

முகாமுக்கு முந்தின நாள் மாலை வழக்கம்போல அவள் தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு போனாள். "நாளைக்குக் கூண்டு வைக்கிறோம். வீட்டுப் பூனை உள்ளவங்க கயிறு கட்டிக்கங்க. ராத்திரி தெருப்பூனைக்கு யாரும் சோறு போடாதீங்க, வெறும் வயித்துல இருக்கணும்." விடுதி வாசலுக்கு வந்ததும் நின்று இன்னும் ஒருமுறை கூவினாள். ஷெபுவானா வெளியே வந்தான்.

"காது கேக்குது. எதுக்கு என் வாசல்ல நின்னு தொண்டையைக் கிழிக்கிறே?"

"உங்க வீட்டுல பூனை இருந்தா கயிறு கட்டிக்கங்கன்னு சொன்னேன்."

எதிரே காப்பிக் குடத்தோடு நின்றவனும், காப்பி குடித்துக்கொண்டிருந்த கொம்போவும் திரும்பிப் பார்த்தார்கள். ஷெபுவானாவும் அவர்களைப் பார்த்தான்.

"என் வீட்டுல பூனை எதுவும் இல்ல."

"இல்லேன்னா நல்லதுதான். வேலை மிச்சம்."

"பொழைக்க வேற வேலையே கெடைக்கலையா உனக்கு? ஆணா பொறந்ததையெல்லாம் அறுத்துக்கிட்டுத் திரியிறே."

"ஒரு மரம் காய்க்கலேன்னா வேற எதுக்காச்சும் ஒதவணுமில்லே," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வாசலுக்கு நகர்ந்தாள். மேலே மரச்சன்னலில் ஷெபுவானாவின் இரண்டாம் மனைவி ரயாவின் விரல்கள் தெரிந்தன. பதூலி அதைக் கவனித்தாள். ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் விடிகாலை சந்தையைச் சுற்றி எட்டுக் கூண்டுகள் வைத்தாள். மீன்காரர்கள் அன்றைக்குக் குடலைத் தரையில் வீசாமல் வாளியில் போட்டு மூடினார்கள். ஏழு பூனை விழுந்தது. அதில் ஒன்றின் மடியில் பால் ஊறியிருந்தது. எங்கோ குட்டிகள் பசியோடு கிடக்கின்றன என்று அதை அங்கேயே திறந்து விட்டாள். சுல்தான் வரவில்லை. இரண்டாம் நாள் விடுதிச் சந்திலேயே இரண்டு கூண்டு வைத்தாள். பொரித்த நெத்திலி, தேங்காய்ப்பாலில் வெந்த மீன், கடைசியில் கோழி ஈரல் வரைக்கும் வைத்துப் பார்த்தாள். ஒரு கிழட்டுப் பெண் பூனையும் ஒரு கீரியும்தான் சிக்கின. முக்காலி காலியாகவே இருந்தது. மாடி அறையிலிருந்து மட்டும் சுல்தானின் கத்தல் கேட்டது. ஷெபுவானா பூட்டிவைத்துவிட்டான்.

அன்றைக்கு மத்தியானம் கிடங்கில் துணிகளை வெந்நீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தபோது டாக்டர் நெகேசா கேட்டார்.

"ஒரு பூனைக்காக ரெண்டு கூண்டை ஒரே சந்துல முடக்கி வச்சிருக்கே. இது வேலையா, வஞ்சமா?"

"வஞ்சம்தான் டாக்டரம்மா," என்றாள் பதூலி. "வேலையும்கூட. அந்த ஆண் பூனை இப்படியே திரியிற வரைக்கும் இந்தத் தெருவுல குட்டி போடுறது நிக்காது. ஆனா உங்ககிட்ட ஏன் பொய் சொல்லணும்? வஞ்சம்தான் முன்னாடி."

"யாராவது என்னோடதுன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் கத்தி வைக்கமாட்டேன். தெரியுமில்லே?"

"அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லட்டும். அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்."

"பூனைக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது."

"பூனை மேல எனக்கென்ன கோவம். அது என்னை எதுவும் சொல்லலையே."

மூன்றாம் நாள்தான் அறுவைக்குக் கடைசி. நாலாம் நாள் பூனைகளைத் திரும்ப விட்டுவிட்டு டாக்டர் படகேறிவிடுவார். மறுபடி ஆறு மாதம். அதற்குள் ஊர் வஞ்சிரத்தையும் மறந்துவிடும், ஷெபுவானாவின் கயிறும் ஏதாவது ஒரு சாக்கில் திரும்பி வந்துவிடும். அது பதூலிக்கு நன்றாகத் தெரிந்தது. விடிகாலைக் கருக்கலில் விடுதியின் பின்சந்துக்கு வந்து கூண்டை இறக்கும்போது அவளுக்கு அழுகைகூட வந்தது. ஒன்பது வருஷமாக அவள் எந்தக் கல்யாண வீட்டிலும் மணப்பெண்ணுக்கு மருதாணி வைத்ததில்லை. காய்க்காதவள் கை ஆகாதென்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே வேறு யாரையாவது கூப்பிட்டுவிடுவார்கள்.

பின்கதவு திறந்தது. ரயா தலையைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு ஒரு பெரிய ஓலைக் கூடையைச் சுமந்து வெளியே வந்தாள். கூடை உள்ளிருந்து உறுமியது.

"கூண்டைத் திறந்து பிடிங்க அக்கா. சீக்கிரம். அவர் தொழுகைக்குப் போயிருக்கார்."

பதூலி அசையவில்லை. "என்னை மாட்டிவிடப் பாக்குறியா?"

"உங்களை மாட்டிவிட்டு எனக்கு என்ன ஆகப்போகுது? ராத்திரியிலேர்ந்து இதுக்கு ஒண்ணும் குடுக்கல. நீங்கதானே கூவுனீங்க, வெறும் வயித்துல இருக்கணும்னு."

அதற்கு மேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பதூலி கதவைத் தூக்கிப் பிடித்தாள். கூடையின் வாயைக் கூண்டின் வாயோடு வைத்து ரயா மெல்லச் சாய்த்தாள். சுல்தான் ராஜ நடையோடு உள்ளே இறங்கி, நெத்திலியை மோந்து பார்த்தது. கதவு சத்தமில்லாமல் விழுந்தது. பதூலி உடனே மேலே துணி போட்டு மூடினாள். இருட்டானதும் உறுமல் அடங்கியது.

"ஏன் செஞ்சே?" என்று கேட்டாள்.

ரயா சுவரில் சாய்ந்துகொண்டாள். இருபத்தாறு வயதுக்கு அவள் முகம் ரொம்பவும் களைத்திருந்தது. "கல்யாணமாகி அஞ்சு வருஷம் ஆகுது. இப்ப எனக்கும் அந்த மரத்துக் கதைதான். வெளியில சொல்றதில்ல. வீட்டுக்குள்ள, சோறு போடும்போது. இந்தப் பூனையை மடியில வச்சுக்கிட்டு, 'பாரு, இவனுக்கு எத்தனைன்னு பாரு'ன்னு சொல்வார்."

"விட்டுட்டுப் போகவேண்டியதுதானே."

"கேட்டேன். கால்ல விழாத குறையா கேட்டேன். மாட்டேன்னுட்டார். ஒருத்தி போனா அவ கொறைம்பாங்களாம், ரெண்டாவது ஆளும் போனா ஊர் வேற கணக்கு போடுமாம். அதனால நான் இங்கயே கெடந்து சாகணுமாம்."

பதூலி கூண்டின் மேல் துணியை இழுத்துச் சரிசெய்தாள். இத்தனை வருஷமும் இந்தப் பெண்ணைச் சந்தில் எதிரே கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதை நினைத்தாள். கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"மாடிச் சாவி ரெண்டுதான் அக்கா. ஒண்ணு அவர்கிட்ட, ஒண்ணு என்கிட்ட," என்று சொல்லிவிட்டு ரயா உள்ளே போய்விட்டாள். அவள் பயந்து சொன்னதாகத்தான் பதூலி நினைத்தாள்.

வெயில் ஏறியதும் கிடங்கு வாசலில் கூண்டுகள் வரிசையாகத் துணி போர்த்தி நின்றன. டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். கொம்போ தன் கடைப் பூனையைப் பையில் போட்டுக் கொண்டுவந்து உட்கார்ந்திருந்தான். ஷெபுவானா வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றான். செருப்பு இடம் வலம் மாறியிருந்தது.

"சும்மாதான் இந்தப் பக்கம் வந்தேன்," என்றான். "எத்தனை விழுந்துச்சு இன்னைக்கு?"

"நாலு," என்றாள் பதூலி. "உங்களோடது ஏதாவது காணோமா?"

அவன் குரல் கேட்டதும் மூன்றாவது கூண்டிலிருந்து ஒரு நீளக் கத்தல் வந்தது. துணி அசைந்தது. புள்ளி போட்ட ஒரு கால் கம்பி வழியாக வெளியே நீண்டு அவன் நின்ற திசையில் காற்றைப் பிறாண்டியது. லாமுவில் அந்தக் காலை அடையாளம் தெரியாதவர் யார்? கொம்போ எழுந்து நின்றான்.

"ஷெபுவானா, வசமா வந்தே. இது உன்னைத்தான் கூப்பிடுது போலிருக்கே?"

"எல்லாப் பூனையும் கத்தும்."

டாக்டர் வெளியே வந்தார். "கழுத்துல கயிறு இல்லை. யாருக்காவது இது சொந்தமா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் தொடமாட்டேன். அப்படியே தூக்கிட்டுப் போகலாம்."

பதூலி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்குத்தான் அவள் மூன்று நாள் தூங்கவில்லை. ஒரு வார்த்தை போதும். என்னோடது என்று சொல்லிவிட்டால் மீனைக் கொடுத்து மன்னிப்பும் கேட்டுவிட்டு மகனைத் தூக்கிக்கொண்டு போகலாம். சாட்சிக் கையெழுத்து போகும். அவ்வளவுதான் போகும். அவன் உதடு இரண்டு முறை திறந்தது. கால் மறுபடி காற்றைப் பிறாண்டியது. கொம்போ இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"எனக்கேது பூனை," என்றான் ஷெபுவானா.

"நல்லா யோசிச்சுக்கங்க," என்றாள் பதூலி. குரல் இனிப்பாக வந்தது, அவளுக்கே ஆச்சரியம். "அறுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது."

"சொன்னேனே. என்னோடது இல்ல."

திரும்பிப் பார்க்காமல் போனான். அவன் சந்து திரும்பும் வரைக்கும் சுல்தான் கத்தியது. அந்தக் கத்தலைப் பதூலியாலும் ஒரு நிமிஷம் தாங்கமுடியவில்லை. துணியைத் தூக்கி, கம்பி வழியே நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். "உன்னையும் வேண்டாம்னு சொல்லித் தள்ளிட்டானா?" என்றாள்.

வேலை பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. டாக்டர் முதலில் நெஞ்சைக் கேட்டார், பல்லைப் பார்த்தார், மற்ற ஆண் பூனைகளோடு போட்ட சண்டையில் தொடையில் சீழ் வைத்திருந்த கடிகளைக் கழுவி மருந்து வைத்தார். "இப்படியே விட்டிருந்தா இன்னும் ஒரு வருஷம் தாங்கியிருக்காது," என்றார். பிறகு செய்ய வேண்டியதைச் செய்து, இடது காதின் நுனியை நறுக்கினார். அந்தத் துளியூண்டு நுனி தட்டில் விழுந்ததைப் பதூலி நின்று பார்த்தாள். அன்றிரவு ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள்.

பிடித்த இடத்தில்தான் விட வேண்டும். பின்சந்தில்தான் பிடித்தாள், ஆனால் அந்தச் சந்து முன்வாசலில் போய்த்தான் திறக்கிறது. மறுநாள் மாலைத் தொழுகை முடிந்து ஆண்கள் காப்பிக்கு நிற்கிற நேரமாகப் பார்த்து அவள் கூண்டைத் தூக்கிக்கொண்டு போனாள். பெரியவர் அபூத் சின்னக் கிண்ணத்தை ஊதிக்கொண்டிருந்தார். கொம்போவும் இருந்தான். இருக்காமல் எப்படி? விடுதி வாசலில் ஷெபுவானா புதிதாக வந்த ஒரு விருந்தாளியம்மாவுக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தான். பதூலி கூண்டை நடுத்தெருவில் வைத்து, துணியை உருவி, கதவைத் தூக்கினாள்.

சுல்தான் வெளியே வந்தது. சோம்பல் முறித்தது. வெயில் அந்தச் சதுரக் காதில் பளிச்சென்று விழுந்தது. காப்பிக் குடத்துக்காரன்தான் முதலில் சிரித்தான். பிறகு தெருவே சிரித்தது.

"எகிப்து ராஜாவுக்குத் தொழில் போச்சா?" என்றான் ஒருவன்.

ஷெபுவானாவின் முகம் கறுத்துப்போனது. காதை நேரில் பார்க்கிற வரைக்கும், எப்படியாவது தப்பியிருக்கும் என்று அவன் நம்பியிருக்க வேண்டும். பதூலியைப் பார்க்கவில்லை. நேரே மாடிச் சன்னலைப் பார்த்தான்.

"ரயா. கீழே வா. நேத்துலேர்ந்து கேக்குறேன், மாடிச் சாவி உங்கிட்டதானே இருந்துச்சு? யார் திறந்துவிட்டது?"

பெரியவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஷெபுவானா, தெருப்பூனையை மாடியில எதுக்குய்யா பூட்டி வச்சே?"

அவனுக்கு அப்போதுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று புரிந்தது. ரயா அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டாள். தலைத்துணியைச் சரியாகக் கட்டியிருந்தாள். பயந்தவள் மாதிரி தெரியவில்லை.

"நான்தான் திறந்தேன்," என்றாள், எல்லோருக்கும் கேட்க. "உங்க பூனை இல்லேன்னுதானே சொன்னீங்க. இல்லாத பூனைக்கு எதுக்கு இவ்வளவு வேகுறீங்க? அதுக்காவது ஒரு வழி பண்ணியாச்சு. நீங்க உங்களுக்கு என்ன வழி பண்ணப்போறீங்க?"

அவ்வளவுதான். ஷெபுவானா நின்ற இடத்திலேயே வெடித்தான். முன்னால் பெரியவர் இருக்கிறார், விருந்தாளி இருக்கிறாள், எதுவும் அவன் கண்ணில் இல்லை. மூன்று தடவை சொன்னான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே வார்த்தை. முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு, "காய்க்காத மரம்" என்றும் சொன்னான்.

அந்த வார்த்தையை மறுபடி கேட்டால் தான் விழுந்துவிடுவோம் என்று பதூலி இத்தனை காலமும் நினைத்திருந்தாள். விழவில்லை. தெருவில் நின்ற அத்தனை முகங்களும் மெதுவாக அவள் பக்கம் திரும்பின, பிறகு ரயா பக்கம் திரும்பின, கடைசியாக ஷெபுவானாவின் மேல் போய் நின்றன. அவர்கள் கணக்குப் போடுவது சத்தமாகவே கேட்டதுபோல் இருந்தது.

"ஒரே தோட்டத்துல ரெண்டு மரமும் பட்டுப்போச்சு," என்றான் கொம்போ காப்பிக்காரனிடம், ரகசியம் சொல்கிறவனைப்போல, ஆனால் கத்தி. "தண்ணி ஊத்துன ஆளையும் ஒருக்கா பாக்கணுமோ என்னவோ."

பதூலி முன்னால் வந்தாள். "டாக்டரம்மா ஒரு பூனைக்குக்கூட மொதல்ல சோதிச்சுப் பாத்துட்டுத்தான் கத்தி எடுத்தாங்க. என்னை ஏழு வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இழுத்தீங்க. கசப்பு மருந்து குடிச்சு என் நாக்கு செத்துப்போச்சு. உங்களை ஒருநாள், ஒரே ஒருநாள், கூப்பிட்டாங்க. போனீங்களா?"

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே, "இப்படி நடுத்தெருவுல சொல்ற வார்த்தையா அது" என்று முனகினார். ஆனாலும் கடைசியில் தடி எழுந்து தரையில் தட்டியது. சொன்ன வார்த்தை நின்றது.

ரயா அழவில்லை. வாசல் கதவுக்குப் பின்னால் குனிந்து ஒரு மூட்டையை எடுத்தாள். இரண்டு பூப்போட்ட துணிகளில் நாலு முடிச்சுப் போட்டு, இறுகக் கட்டி, எப்போதோ தயாராக வைத்த மூட்டை. பதூலி அந்த முடிச்சுகளைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சாவி இரண்டுதான் என்று இந்தப் பெண் பயந்து சொல்லவில்லை, கணக்குப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். தான் ஒரு கூண்டை வைத்துக்கொண்டு பூனைக்குக் காத்திருந்தபோது, இவள் கதவே இல்லாத கூண்டை வைத்துக்கொண்டு ஆளுக்குக் காத்திருந்திருக்கிறாள்.

"கைகாரிடி நீ," என்றாள்.

"எங்க போறதுன்னு மட்டும் இன்னும் யோசிக்கல அக்கா."

"என் வீட்டுல ரெண்டு கட்டில் இருக்கு. மூட்டையைக் கூண்டுக்குள்ள வை, ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கலாம்."

சுல்தான் இதையெல்லாம் சட்டை பண்ணவில்லை. தெருவைக் கடந்து, ஷெபுவானாவின் காலில் ஒருமுறை உரசி, தாவித் தன் முக்காலியில் ஏறி உட்கார்ந்தது. அவனை நிமிர்ந்து பார்த்து மெல்லக் கத்தியது. அவன் கை தன்னை அறியாமல் அதைத் தூக்க நீண்டது. பெரியவர் தொண்டையைச் செருமினார். கொம்போ இடுப்பில் கை வைத்தான். கை பாதியில் நின்றுவிட்டது.

ஒன்றும் புரியாத விருந்தாளியம்மா குனிந்து சுல்தானின் கழுத்தைச் சொறிந்துகொடுத்தாள்.

"எவ்வளவு அழகு. யாரோட பூனை இது?"

கூண்டைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட இரண்டு பெண்களும் நின்று திரும்பினார்கள். தெரு முழுதும் காத்திருந்தது.

"தெருவோடது," என்றான் ஷெபுவானா.